நீலக் கட்டம் போட்ட சட்டை

அத்தியாயம் 9

சென்ற வாரம் கதவைத் திறந்துவிட்ட சின்னவளைத் திட்டித் தீர்த்தவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். வாசலில் ஒரு கிழவர் ஒற்றைப் பையோடு நின்று, "நான்தாம்மா, உங்க அப்பா" என்று சொன்னால் யாராக இருந்தாலும் திகைத்துத்தான் போவார்கள். அவள் திகைத்து நின்ற நேரத்தில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். அதற்குள் அவர் தங்கியிருந்த அறையை வீட்டுக்காரர் வேறு ஆளுக்கு விட்டுவிட்டார். போக்கிடம் இல்லாமல் போன பிறகுதான் அவருக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் ஞாபகம் வந்திருக்கிறது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது என்பதே இங்கே வந்துதான் தெரியும். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "டீ கிடைக்குமா?" என்றார்.

பெரியவள் அவரை அப்பா என்று கூப்பிடவில்லை. எப்படியுமே கூப்பிடவில்லை. எதையாவது சொல்ல வேண்டுமென்றால் தங்கையிடம் சொல்வாள்.

"அவர்கிட்ட சொல்லு, ஈரத் துண்டை சோபா மேல போட வேண்டாம்னு."

அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். இருந்தாலும் சின்னவள் அதை இன்னொரு முறை அவரிடம் சொல்வாள். அவர் பதில் சொன்னால் அதையும் அக்காவிடம் திருப்பிச் சொல்வாள். நடுவில் மாட்டிக்கொண்டு தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள், பாவம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கு வெளியே இருக்கும் முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு கட்டில் காலியாகியிருந்தது. இல்லத்து மேனேஜர் அம்மாள் சாயங்காலம் போன் செய்வார். வேண்டும் என்றால் நாளைக் காலையில் கொண்டுபோய் விட வேண்டும். வேண்டாம் என்றால் கட்டில் வேறு யாருக்கோ போய்விடும்.

பெரியவளுக்கு வேண்டும். சின்னவளுக்கு வேண்டாம். வீட்டு விஷயம் எதுவானாலும் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் என்று அம்மா போன அன்றைக்கே பேசிக்கொண்டவர்கள் அவர்கள். ஆகவே ஒருத்தி மனம் மாறியே தீர வேண்டும். அதற்குச் சாயங்காலம் வரைதான் நேரம்.

சின்னவள் காலையிலேயே ஸ்டூலைப் போட்டுப் பரண்மேல் ஏறிவிட்டாள்.

"அங்க என்னடி உருட்டறே?" என்று கீழேயிருந்து கேட்டாள் அக்கா.

"பழைய பெட்டியைத் தேடறேன். நீ எல்லாத்தையும் மறந்துட்டே, அதான் இவ்வளவு கோபம். ஞாபகப்படுத்தினா சரியாயிடும்."

"எனக்கா மறந்துபோச்சு?"

"பின்ன? அவர் விட்டுட்டுப் போனது தப்புதான். நான் இல்லேன்னு சொல்லலை. ஆனா போறதுக்கு முன்னாடி நம்மகிட்ட எவ்வளவு பிரியமா இருந்தார்! அதுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா?"

பெரியவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் சமையலறைக்குப் போய்விட்டாள்.

இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்ற கதையை ஆரம்ப அத்தியாயங்களிலேயே சொல்லியாகிவிட்டது. பெரியவள் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவள் கையால் மெழுகில் பிடித்து மெருகேற்றியதுதான். அவள் சிரிப்பதுதான் அபூர்வம். சின்னவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊரார் போடும் அலறலையெல்லாம் கேட்டுப் பழகியவள். எதற்கும் பதற மாட்டாள். முப்பது வயதைத் தாண்டியும் அப்பா என்ற ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும்.

பெட்டி கூடத்துக்கு வந்தது. தூசி தட்டியதில் மூன்று பேரும் தும்மினார்கள்.

முதலில் ரேடியோ. ஒரு திருகு என்றைக்கோ கழன்றுபோய், அந்த இடத்தில் பற்பசைக் குழாயின் மூடியை ஒட்டவைத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, இதை நான்தான் வாங்கினேன்! மழை வந்தா பாடாது. பக்கவாட்டுல ஒரு தட்டு தட்டணும்."

தட்டியும் காட்டினார். ரேடியோ பாடவில்லை, ஆனால் சின்னவள் பாடாத குறை. "பார்த்தியா அக்கா! இன்னும் ஞாபகம் வெச்சிருக்கார்!" என்று சமையலறைப் பக்கம் கத்தினாள்.

அடுத்தது ஒரு தகர டப்பா. மேலே குண்டுக் குழந்தை படம். குழந்தையின் மூக்கு துருப்பிடித்து உதிர்ந்திருந்தது.

"இது பால் பவுடர் டப்பா. அம்மா ராத்திரி வேலைக்குப் போனதும் நீங்க என் உள்ளங்கையில ஒரு ஸ்பூன் கொட்டுவீங்க. நக்கி நக்கித் தின்னணும். மேலண்ணத்துல போய் ஒட்டிக்கும். தண்ணி குடிக்காம யார் தாங்கறாங்கன்னு பந்தயம் வைப்பீங்க. ஞாபகம் இருக்கா?"

அவர் ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தார்.

"இல்லாம இருக்குமா? நீதான் எப்பவும் ஜெயிப்பே."

"அதேதான்!"

இந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். உழைத்த காலமெல்லாம் ஊர் ஊராகப் போய்த் தையல் மெஷின் விற்றவர். எதிரில் இருப்பவர் எந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்று கண்டுபிடித்து, அதையே அவருக்கு எடுத்துக் கொடுப்பதுதான் அவர் தொழில். தையலே தெரியாத வீடுகளில்கூட இரண்டு மெஷின் விற்றவருக்கு, ஏங்கிப் போய் எதிரில் உட்கார்ந்திருக்கும் பெற்ற பெண் எம்மாத்திரம்?

டார்ச் வந்தது. கரண்ட் போன ராத்திரிகளில் போர்வைக்குள் நுழைந்துகொண்டு, டார்ச்சை வாய்க்குள் வைத்துக் கன்னம் இரண்டையும் சிவப்பாகக் காட்டுவது. "ஆமா, நீ பயந்து சிரிப்பே" என்றார். எனாமல் குவளை வந்தது. டீயில் தோய்த்த பிஸ்கட் உடைந்து அடியில் போய்விட்டால் அழுவாள். ஸ்பூனால் அதை மீன் பிடிப்பதுபோலப் பிடித்துக் கொடுப்பது. "அழுதா உன்னைச் சமாதானப்படுத்தவே முடியாது" என்றார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எந்தக் குழந்தைதான் பயந்து சிரிக்காது, எந்தக் குழந்தைதான் பிஸ்கட் உடைந்தால் அழாது?

பிறகு பழைய செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தைப் பிரித்தாள். நீலக் கட்டம் போட்ட சட்டை. கழுத்துப்பட்டை நைந்துபோய்ப் பஞ்சு பஞ்சாக இருந்தது.

சின்னவள் அதைக் கையில் எடுத்துக் கழுத்துப்பட்டையைத் தடவினாள். பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"உங்க முகம் எனக்கு ஞாபகமே இல்லப்பா. நீங்க வாசல்ல வந்து நின்னப்பகூட அடையாளம் தெரியலை. இந்தச் சட்டைதான் ஞாபகம். கை ரெண்டையும் மடிச்சு மடிச்சு விட்டிருப்பீங்க. மடியில படுத்தா இந்தப் பட்டன் கன்னத்துல குத்தும். அப்புறம் உங்க இருமல். யாராவது கதவைத் தட்டினா கனமா ஒரு இருமல் இருமுவீங்க. அந்தச் சத்தம் கேட்டா எனக்கு உடனே தூக்கம் வந்துடும். அப்பா இருக்கார், இனி பயமில்லைன்னு."

"அப்ப சிகரெட் ஜாஸ்தி, அதான் இருமல்" என்றார்.

அவர் வாழ்நாளில் சிகரெட் பிடித்ததில்லை.

சமையலறையில் பெரியவள் வாணலி தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்த வாணலி. அதை எடுத்து மறுபடி தேய்த்தாள். நார் அறுந்துபோகிற அளவுக்குத் தேய்த்தாள்.

இனி வாசகர்களிடம் மறைப்பதில் பயனில்லை.

அவர் வீட்டை விட்டுப் போனபோது சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். பெரியவளுக்குப் பத்து வயது. அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ராத்திரி வேலைக்குச் சேர்ந்தாள். அப்போது இருந்தது கீழ்த்தளத்து வீடு. தெருவைப் பார்த்த ஜன்னல், சரியாகப் பூட்டாத கதவு, வேலையற்ற ஆட்கள் நின்று பேசும் முனை. இரண்டு பெண்பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டுப் போகும் தாய் ஏதாவது தந்திரம் செய்துதானே ஆக வேண்டும்?

போனவர் ஒரே ஒரு சட்டையை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார். அன்றைக்கு அது கொடியில் காயாமல் தொங்கிக்கொண்டிருந்தது, அதனால்தான்.

"ராத்திரி இதைப் போட்டுக்கோ" என்றாள் அம்மா. "விளக்குக்கு முன்னாடி, ஜன்னல் பக்கமா நடமாடு. வெளியில இருந்து பார்த்தா வீட்ல ஆம்பளை இருக்கிற மாதிரித் தெரியணும். யாராவது கதவைத் தட்டினா வாயைத் திறக்காதே. இருமு."

இருமிப் பார்த்தாள். குழந்தை இருமல் வந்தது. அடித்தொண்டையிலிருந்து வரும்வரை அம்மா பழக்கினாள். தொண்டை புண்ணாகிவிட்டது.

தீப்பெட்டியை அம்மா தன் பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவாள், பிள்ளைகள் அடுப்பைத் தொட்டுவிடக் கூடாது என்று. ராத்திரிச் சாப்பாடு ஆறி அவலாகியிருக்கும். சின்னது பாதியிலேயே துப்பிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் பசி என்று அழும். பன்னிரண்டு வயதில் ஒரு நாள் பெரியவளுக்கு யோசனை வந்தது. அடுப்பைத்தானே தொடக் கூடாது? இஸ்திரிப் பெட்டியைத் தொடலாமே. பிஸ்கட் பாக்கெட்டின் உள்பக்கத்து வெள்ளித்தாளில் பிரெட்டைச் சுற்றி மேலே பெட்டியை வைத்து அழுத்தினாள். மொறுமொறுவென்று வந்தது. அதில் சர்க்கரை தூவிக் கொடுத்தாள். அழுகை நின்றது.

சின்னவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒரு நாள் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னாள்: "எங்க அப்பா அயர்ன் பாக்ஸ்ல பிரெட் சுடுவார்னு மிஸ்கிட்ட சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க."

அம்மா பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் தலையை லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்று. அந்த வீட்டில் போனவரைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை என்பது எழுதாத சட்டம். எப்போது போனார் என்று கேட்டாலும், "நீ சின்னப் பிள்ளையா இருந்தப்ப" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எனவே அந்தத் தப்பைத் திருத்த யாருக்கும் வேளை வரவில்லை. அது சின்னவளோடு சேர்ந்து வளர்ந்துவிட்டது.

இத்தனை வருடமாகப் பெரியவளுக்கு அதில் வருத்தமே இல்லை. நிஜமாகவே இல்லை. இன்றைக்குத்தான், கூடத்திலிருந்து அந்த "ஆமா, ஆமா" ஒவ்வொன்றாக வந்து காதில் விழும்போது, வயிறு எரிந்தது. விட்டுவிட்டுப் போன மனிதர் திரும்பி வந்து, அவள் கையில் இருந்த அந்த ஒன்றையும் எடுத்துக்கொள்கிறாரே!

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் நாளைக் காலையில் வண்டி ஏறிவிடுவார். ஆனால் அதைச் சொன்னால் தங்கைக்கு இருக்கிற ஒரே அப்பாவும் போய்விடுவார். வாணலியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தட்டுகளை எடுத்தாள்.

சாப்பாட்டின்போது அவர் ஒரு பக்கமாகவே மென்றார். பெரியவள் அதை வந்த அன்றைக்கே கவனித்திருந்தாள். தொழில் கண்.

"அந்தக் கீழ்ப் பல்செட்டைக் கழட்டி வெச்சுட்டுச் சாப்பிடச் சொல்லு. எவனோ அளவே எடுக்காம செஞ்சிருக்கான். ஈறு புண்ணாயிருக்கும்."

சின்னவள் சொன்னாள். அவர் கழற்றி வைத்தார். "புண்ணுதான்" என்று பொக்கை வாயோடு தட்டைப் பார்த்துச் சொன்னார். அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

வெயில் தாழ்ந்தது. சின்னவளுக்குப் பரபரப்பு அதிகமானது. போன் எந்த நேரமும் அடிக்கலாம். அக்காவோ காலையிலிருந்து ஒரு தடவைகூடக் கூடத்தில் வந்து உட்காரவில்லை. கடைசி அஸ்திரத்தை எடுத்துவிட வேண்டியதுதான் என்று பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்தாள். அம்மாவின் பழைய இஸ்திரிப் பெட்டி. கனமானால் அப்படிக் கனம். வயரில் அங்கங்கே கறுப்பு டேப்.

"அப்பா, எனக்காக ஒரே ஒரு தடவை. அதே மாதிரி பிரெட் சுட்டுக் கொடுங்க. அக்கா முன்னாடி."

அவர் முகம் கொஞ்சம் மாறியது. "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? கை வேற நடுங்குது."

"நான் கூட நிக்கறேன். அக்கா! இங்க வா! ஒரு நிமிஷம்!"

"அந்தப் பெட்டியைத் தொடாதேடி. வயர் பிஞ்சு கிடக்கு" என்றபடி பெரியவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் சின்னவள் பிளக்கைச் சொருகிவிட்டாள். பிரெட், வெண்ணெய், சர்க்கரை, பிஸ்கட் பாக்கெட் எல்லாம் மேஜைமேல் தயாராக இருந்தன. நிதானமாக யோசித்துத்தான் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தாள், பைத்தியக்காரி.

அவர் பிரெட் துண்டை எடுத்தார். தாராளமாக வெண்ணெய் தடவினார். மேஜைமேல் அப்படியே வைத்தார். அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னவளின் புருவம் லேசாகச் சுருங்கியது. பிஸ்கட் பாக்கெட்டை அவர் பக்கம் தள்ளினாள். அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டு, "அப்புறம் சாப்பிடறேம்மா" என்றார்.

இஸ்திரிப் பெட்டி சூடாகிவிட்டது. அவர் வலது கையால் பிடியைத் தூக்கினார். இடது கை வயரை ஒதுக்கப் போனது, டேப் உரிந்து கம்பி தெரிகிற இடத்துக்கே.

"கையை எடுங்க!"

ஒரு வாரத்தில் பெரியவள் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. பாய்ந்து வந்து பிளக்கைப் பிடுங்கி, பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் அதைக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. பெட்டி சூடாக இருந்தது, மேஜைமேல் பிரெட் இருந்தது, கைகள் தம் பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டன.

"வெண்ணெய் தடவினா தீஞ்சு பிடிச்சுக்கும்" என்று யாரிடமோ முணுமுணுத்தாள். வேறு துண்டு எடுத்தாள். பிஸ்கட்டுகளைக் கொட்டிவிட்டுப் பாக்கெட்டைக் கிழித்தாள். பளபளப்பு உள்பக்கம் இருக்கும்படி வெள்ளித்தாளைச் சுற்றினாள். இரண்டு கையாலும் பெட்டியின் பிடியை அழுத்தினாள். அழுத்தும்போது குதிகாலைத் தூக்கி, விரல் நுனியில் எக்கி நின்றாள். அந்த மேஜைக்கு அவள் எக்க வேண்டிய அவசியமே இல்லை.

திருப்பிப் போட்டு அழுத்தினாள். பொரிந்த ரொட்டியும் சூடான துணியும் கலந்த ஒரு வாசனை கிளம்பியது. தாளைப் பிரித்து, விரல் நுனியால் சர்க்கரை தூவினாள். ஒரு மூலையைத் தான் கடித்துச் சூடு பார்த்தாள். இரண்டு முறை ஊதினாள். பிறகு தங்கையைப் பார்க்காமலேயே நீட்டினாள்.

தன் இடுப்பு உயரத்துக்கு நீட்டினாள். மூன்று, நான்கு வயதுக் குழந்தை நிற்கிற உயரத்துக்கு.

சின்னவள் அந்தக் கையைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"மூலையை ஏன் கடிச்சே?"

"சூடு பார்க்க."

"அப்பாதானே கடிப்பார்?"

பெரியவளுக்கு அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. கையை மடக்கிக்கொண்டாள்.

சின்னவள் அவர் பக்கம் திரும்பினாள். "அப்பா, நீங்க சொல்லுங்க. வீட்ல அடுப்பு இருந்துச்சு. பெரிய மனுஷர் நீங்க. எதுக்கு அயர்ன் பாக்ஸ்ல பிரெட் சுட்டீங்க?"

வாழ்நாள் முழுக்கப் பதிலை விற்றுப் பிழைத்த மனிதரிடம் அதற்கு மட்டும் பதில் இல்லை. பெரிய பெண்ணைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா?"

"அம்மா தீப்பெட்டியை எடுத்துட்டுப் போயிடுவாங்க குட்டி. அடுப்பைத் தொடக் கூடாதுன்னு. எனக்குப் பன்னண்டு வயசு."

"அப்போ இவர்?"

"நீ நடக்கப் பழகறப்பவே போயிட்டார்."

"சட்டை?"

"அம்மா என்னைப் போட்டுக்கச் சொன்னாங்க. ஜன்னல்ல பார்த்தா ஆம்பளை மாதிரித் தெரியணும்னு."

சின்னவள் அடுத்த கேள்வியைக் கேட்கப் பயந்தாள். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"இருமல்?"

"நான்தான்."

இந்த இடத்தில் தங்கை அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்று எழுதினால் படிப்பவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. அவளுக்கு வந்தது கோபம், அதுவும் அக்காமேல்.

"இத்தனை வருஷமா என்னை முட்டாளாக்கியிருக்கே! யார் யார்கிட்ட எல்லாம் எங்க அப்பா இப்படி, எங்க அப்பா அப்படின்னு சொல்லியிருக்கேன் தெரியுமா? நீயும் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது? ஸ்கூல்ல எல்லாருக்கும் அப்பா இருந்தாங்க. உனக்கும் ஒண்ணு இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

"எனக்கு அப்பாவே கிடையாதுன்னு இப்ப ஆயிடுச்சே அக்கா!"

பெரியவள் குற்றவாளிபோல நின்றாள். குற்றம் செய்தவர் அதற்குள் சோபாவில் போய் உட்கார்ந்திருந்தார்.

சின்னவள் அவரிடம் போனாள். "நீங்க ஏன் எல்லாத்துக்கும் ஆமா போட்டீங்க?"

"நீ அவ்வளவு சந்தோஷமா சொன்னே..." என்று இழுத்தவர், பாதியிலேயே அந்தக் குரலைக் கைவிட்டார். "பயம்மா. இல்லைன்னு சொன்னா அனுப்பிடுவீங்கன்னு பயம். எனக்குப் போக இடம் இல்லை."

"சரி. எனக்காக நீங்க நிஜமா செஞ்சது ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. சின்னதா இருந்தாக்கூடப் பரவாயில்லை. ஒண்ணே ஒண்ணு."

அவர் யோசித்தார். ஏமாற்றுவதற்காக யோசிக்கவில்லை, உண்மையாகவே தேடினார். அது முகத்தில் தெரிந்தது. தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "நீ ரொம்பச் சின்னவம்மா... நான் வெளியூர்லயேதான் இருப்பேன்..." என்று நிறுத்திக்கொண்டார். பிறகு பார்வை மெல்ல மேஜைப் பக்கம் போனது.

"பெரியவளுக்குத்தான்."

"வேண்டாம்" என்றாள் பெரியவள்.

"லாட்ஜுல சின்னச் சின்ன சோப்பு கொடுப்பான். குளிச்சா தீர்ந்துடுமேன்னு நான் தொடவே மாட்டேன், இவளுக்குக் கொண்டு வருவேன். தெரு முனையிலேயே வந்து நிப்பா. என் மெஷின் பெட்டியை ரெண்டு கையாலயும் இழுத்துக்கிட்டு வருவா, விடவே மாட்டா. சோப்பையும் யாரையும் தொட விட மாட்டா. கண்ணாடி டம்ளர்ல அடுக்கி வெச்சு மோந்து மோந்து பார்த்துட்டு இருப்பா. ரோஸ், வெள்ளை, மஞ்சள்..."

காலையிலிருந்து அவர் பேசியதில் யாரும் எடுத்துக் கொடுக்காமல் வந்தது இது ஒன்றுதான். சின்னவளுக்கே அது புரிந்தது. சாட்சி வேண்டுமென்றால் அக்காவின் முகத்தைப் பார்த்தால் போதும். இறுகிக் கிடந்த அந்த முகம் ஓரங்களில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"பச்சை" என்றாள் பெரியவள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பச்சை மட்டும்தான் இல்லைன்னு சொன்னேன். அடுத்த தடவை பச்சை சோப்பு கொண்டு வாங்கப்பான்னு கேட்டேன். சரிம்மான்னு சொன்னீங்க. என் தலையில கை வெச்சுச் சொன்னீங்க." குரல் உடைந்தது. "திரும்பி வரப் போறதில்லைன்னு அப்பவே உங்களுக்குத் தெரியும். தெரியுமா இல்லையா?"

அவர் எதையும் விற்கப் பார்க்கவில்லை. "தெரியும்" என்றார்.

பெரியவள் தன் அறைக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தவில்லை. வழக்கமாகச் சாத்துவதுபோலத்தான் சாத்தினாள்.

கூடத்தில் இரண்டு பேர் மிச்சம். ஒருவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். இன்னொருத்தி நின்றுகொண்டிருந்தாள். சாத்திய கதவுக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரியவள் அழுது சின்னவள் இதுவரை கேட்டதில்லை. அம்மாவின் சாவுக்குக்கூட அவள் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவள்.

சின்னவளின் கோபம் வந்த வேகத்திலேயே வடிந்துபோனது. வெட்கமாக இருந்தது. காலையிலிருந்து தன் அப்பா, தன் அப்பா என்று குதித்தோமே! தனக்கு எதுவும் தொலையவே இல்லை. பசித்தபோது சாப்பாடு வந்தது, பயந்தபோது காவல் இருந்தது, படுக்க மடி இருந்தது. ஒரு நாள்கூடக் குறை வைக்காமல் எல்லாம் கிடைத்தது. தெரு முனையில் போய் நின்றவள் வேறு ஒருத்தி.

போன் அடித்தது.

சோபாவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. கேட்கத் தைரியம் இல்லை. சின்னவள் போனை எடுத்தாள்.

"வணக்கம்மா, இல்லத்துலேர்ந்து பேசறேன். அந்தக் கட்டில் விஷயம். வேணுமா, வேண்டாமா? இன்னும் ரெண்டு பேர் கேட்டுட்டு இருக்காங்க."

காலையில் இந்தக் கேள்விக்கு வேண்டாம் என்ற பதிலை நாக்கு நுனியிலேயே வைத்திருந்தாள். அரை மணி முன்பு கேட்டிருந்தால், இருந்த ஆத்திரத்தில், வேண்டும், இப்பவே வந்து கூட்டிட்டுப் போங்க என்று சொல்லியிருப்பாள்.

"கொஞ்சம் இருங்கம்மா. அக்காவைக் கேட்டுச் சொல்றேன்."

"அவங்க எதுக்கும்மா? உங்க அப்பா விஷயந்தானே, நீங்களே முடிவு சொல்லக் கூடாதா?"

"எங்க அப்பா இல்லம்மா" என்றாள் சின்னவள். "அவர் எங்க அக்காவோட அப்பா. அவதான் சொல்லணும்."

போனைக் கையில் பிடித்தபடியே போய், சாத்தியிருந்த கதவைத் தட்டினாள்.